நகைய அடகு வைக்காதீங்கக்கா, பையனுக்கு மேப்தான் பிடிச்சிருக்கு

மதுரை செல்லூர்லருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க. பையன் ப்ளஸ் டூ முடிச்சிட்டான், மார்க் பரவால்ல, கம்ப்யூட்டர் சயின்ஸுக்குத்தான் பத்தாது, அதனால மேனேஜ்மென்ட் கோட்டாவுல ஏஐ சீட்டு வாங்கியே ஆகணும்னு தாய்மாமா ஒத்தக்கால்ல நிக்கிறாராம், இவன் என்னடான்னா எந்நேரமும் போன்ல சேட்டிலைட் மேப்ப வச்சுக்கிட்டு எந்தக் கம்மா எங்க இருந்துச்சு, பந்தல்குடி வாய்க்கா எங்க சுருங்குதுன்னு பாத்துக்கிட்டு இருக்கானாம்.

கவலப்படாதீங்கன்னு சொல்ல வரல. தாய்மாமா ஃபீஸ் கட்டப்போறாரா? இல்லல்ல, அப்புறம் உங்க நகை எதுக்கு பேங்குக்குப் போகணும்?

அவன் செய்றதுக்குப் பேரு ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ், அதாவது சேட்டிலைட் படத்தையும் மேப்பையும் கம்ப்யூட்டர்ல வச்சு நிலத்தப் பத்திக் கணக்குப் போடுற படிப்பு. சென்னை கிண்டி இன்ஜினியரிங் காலேஜ்ல பி.இ.யே இருக்கு, கவர்ன்மென்ட் ஃபீஸ்தான், ஆனா சாய்ஸ் லிஸ்ட்ல நெறைய பேரு அதத் திரும்பிக்கூட பாக்குறதில்ல.

2024 அக்டோபர் மழைல உங்க ஏரியாவுல வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அடுத்த மழைக்கு எந்த வீடு முழுகும்னு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு யாரு சொல்றது? இந்தப் படிப்பு படிச்சவங்கதான். விண்வெளிலருந்து ரேடார் வச்சு அளந்த, இலவசமா கிடைக்கிற எஸ்ஆர்டிஎம் உயரக் கணக்குல ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 22 சென்ட்டுக்கு ஒரே உயரம், செல்லூர்ல 22 சென்ட்னா ஒரு சந்தே அதுக்குள்ள அடங்கிரும், படி அஞ்சு வச்சு ஏத்திக் கட்டுன வீடும் ரோட்டவிடப் பள்ளத்துல கிடக்குற வீடும் அதுல ஒண்ணுதான். லைடார்னு லேசர் அடிச்சு அளந்தா மரம், கூரையெல்லாம் கழிச்சிட்டு வெறும் தரையோட உயரம் ஒரு சாணுக்குள்ள துல்லியமா வரும். வெள்ளம் நிக்கிறப்ப மேகம் மூடியிருந்தாலும் சென்டினல்-1ங்கிற ஐரோப்பிய சேட்டிலைட்டோட ரேடார் படத்துல தண்ணி கறுப்பாத் தெரியும், ஆனா நெருக்கமான தெருவுக்குள்ள அது ஏமாத்தும், அங்க ஆளு நேர்ல போய் செவுத்துல இருக்குற தண்ணிக்கறைய டேப் வச்சு அளந்து மேப்ப சரிபாக்கணும் (உங்க பையன் இத சந்தோசமா செய்வான்). அமெரிக்காவுல அரசாங்க வெள்ள இன்சூரன்ஸ்ல 2021 அக்டோபர்லருந்து வெறும் வெள்ள ஜோன் (எந்தப் பகுதின்னு மட்டும்) பாத்து பிரீமியம் போடுறத விட்டுட்டாங்க, வீடு தண்ணிலருந்து எவ்ளோ தூரம், தரைத்தளம் எவ்ளோ உயரம்னு வீடு வீடா பாக்குறாங்க. நம்மூர்லயும் 2021லருந்து பாரத் கிருஹ ரக்ஷான்னு வீட்டு பாலிசி வந்திருக்கு, வெள்ளமும் அதுல கவர்.

ஆரம்பச் சம்பளம் ஐடிய விட கம்மியா இருக்கலாம், வேலையும் ஹைதராபாத், பெங்களூரு பக்கம்தான் ஜாஸ்தி. மேப்ல கோடு மட்டும் போடத் தெரிஞ்சா அங்கயே தேங்கிருவான், பைத்தான்ங்கிற ப்ரோகிராமிங்கும் கத்துக்கிடணும்.

க்யூஜிஐஎஸ்னு கம்ப்யூட்டர்ல மேப் போடுற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, இன்னிக்கே இறக்கி பந்தல்குடி வாய்க்காவ வரையச் சொல்லுங்க. ரெண்டு வாரத்துல போரடிச்சிருச்சுன்னா வாங்க, வேற படிப்பு பாப்போம், ஆனா அப்பவும் மேனேஜ்மென்ட் கோட்டா பேச்சே வேணாம்.