26/3 வர வேண்டிய இடத்தில் 8/3 வருவது ஏன்?

கேள்வி: ஒரு மாறியின் வர்க்கமாக அமைந்த சார்பை, 1 முதல் 3 வரை, ரீமன் கூடுதலின் (வளைகோட்டின் கீழ் அடுக்கிய மெல்லிய செவ்வகங்களின் பரப்புகளைக் கூட்டிய தொகையின்) எல்லையாகத் தொகையிட வேண்டும். இடைவெளியை ‘ந’ சம பகுதிகளாகப் பிரித்தேன். ஒவ்வொன்றின் அகலம் 2/ந. ‘க’-ஆவது பகுதியின் உயரம் (2க/ந)². எனக்கு 8/3 வருகிறது. நேரடியாகத் தொகையிட்டால் 26/3 வருகிறது. வலமுனைக்குப் பதில் இடமுனையை எடுத்திருக்க வேண்டுமா?

பதில்: நீங்கள் கூட்டியதிலும் எல்லை கண்டதிலும் பிழை இல்லை, உயரத்தை அளக்கும் புள்ளிதான் இடம் மாறிவிட்டது. பகுதிகள் 1-இலிருந்து தொடங்குவதால், ‘க’-ஆவது பகுதியின் வலமுனை 2க/ந அல்ல, 1 + 2க/ந ஆகும். அந்த 1-ஐ விட்டுவிட்டதால் 0 முதல் 2 வரையுள்ள பரப்பைக் கண்டிருக்கிறீர்கள். அந்தப் பரப்பு 8/3 என்பது முற்றிலும் சரி.

இனி (1 + 2க/ந)² × 2/ந என்னும் உறுப்பை விரித்து, க = 1 முதல் ந வரை கூட்டுங்கள். முதல் ‘ந’ இயல் எண்களின் கூடுதல் ந(ந+1)/2 என்பதையும், அவற்றின் வர்க்கங்களின் கூடுதல் ந(ந+1)(2ந+1)/6 என்பதையும் பிரதியிட்டுச் சுருக்கினால் கிடைப்பது:

2 + 4(1 + 1/ந) + (4/3)(1 + 1/ந)(2 + 1/ந)

‘ந’ முடிவிலியை நெருங்கும்போது 1/ந பூச்சியத்தை நெருங்குவதால், எல்லை 2 + 4 + 8/3, அதாவது 26/3. உங்கள் 8/3 மூன்றாம் உறுப்பாக இதற்குள்ளேயே இருப்பதைப் பாருங்கள். விட்டுப்போனவை முதல் இரண்டும்தான். ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன்: சுருக்கி முடிக்கும் வரை எல்லையை எடுக்காதீர்கள். முன்கூட்டியே எடுத்தால் ஒவ்வொரு செவ்வகத்தின் பரப்பும் தனித்தனியே பூச்சியமாகிவிடும், கூட்ட எதுவும் மிஞ்சாது.

இடமுனையா வலமுனையா என்பது விடையை மாற்றாது. 10 பகுதிகளுக்கு வலமுனைக் கூடுதல் 9.48, இடமுனைக் கூடுதல் 7.88, 100 பகுதிகளுக்கு அவை 8.7468, 8.5868. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எப்போதும் 16/ந என்பதால், அது பூச்சியத்துக்கே செல்கிறது. பெர்ன்ஹார்ட் ரீமன் 1854-இல் தந்த வரையறையும் ஒவ்வொரு பகுதிக்குள்ளும் விரும்பிய புள்ளியை எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆயினும் தேர்வில் வலமுனையையே எடுங்கள். ‘க’ 1-இல் தொடங்கி ‘ந’-இல் முடிவதால் மேற்கண்ட சூத்திரங்கள் அப்படியே பொருந்தும்.

விடையை எழுதுமுன் ஒரு தோராயக் கணக்கும் போட்டுப் பாருங்கள். இடைவெளியின் நடுப்புள்ளி 2, அங்கே உயரம் 4, அகலம் 2. ஆகவே பரப்பு 8-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். 3-ஐக் கூட எட்டாத 8/3 அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும்.