பழைய வீடு, புது சுவிட்ச்

கேள்வி: எங்கள் வீடு கட்டி 45 வருடம் ஆகிறது. போனிலிருந்தே விளக்கு, விசிறியை இயக்கும் ஸ்மார்ட் சுவிட்ச் போட ஆசை. பழைய வயரிங்கில் ஒத்துவருமா?

பதில்: வரும். ஆனால் வாங்குவதற்கு முன், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை விட்டு ஒரே ஒரு சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். நான் இந்தத் தொழிலுக்கு வந்து 30 வருடம். பழைய வீடுகளில் பெரும்பாலும் பெட்டிக்குள் ஃபேஸ், அதாவது மின்சாரம் வரும் வயர் மட்டும்தான் இறங்கியிருக்கும். மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் நேராக விளக்குக்கே போய்விடும். சாதா சுவிட்சுக்கு அது போதும். ஸ்மார்ட் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்தே இருக்கும். அப்படி இருக்க எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும்; அதற்குத்தான் நியூட்ரல். அது இல்லாமல் ஓடும் வகையும் உண்டு; சின்ன எல்.இ.டி. விளக்காக இருந்தால் அணைத்த பிறகும் சில சமயம் மினுமினுக்கும்.

வயரையும் லேசாக வளைத்துப் பார்க்கட்டும். போன மாதம் ஒரு வீட்டில் நான் வளைத்ததும் மேலுறை காய்ந்த சருகு போல விரலிலேயே நொறுங்கியது. உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. அப்படி இருந்தால் சுவிட்சைத் தள்ளிவைத்து முதலில் வயரை மாற்றுங்கள். கையோடு எர்த் வயர் இழுத்து, மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் போட்டுவிடுங்கள். அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் தானே விழும் எம்.சி.பி. இருக்கிறதே என்பார்கள். அது வயரைக் காக்கும். ஷாக் அடிக்கும்போது கசிவைக் கண்டு மின்சாரத்தை அறுப்பது ஆர்.சி.சி.பி.தான். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அப்புறம், வயர் மாற்றும்போதே எல்லாப் பெட்டிக்கும் நியூட்ரல் இறக்கச் சொல்லுங்கள். ஸ்மார்ட் சுவிட்சை அடுத்த வருடம் போட்டாலும் சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்காது.