கட்டு மணிக்கட்டுக்குத்தான், விரலுக்கு இல்லை

எலும்பு முறிவுக்குப் பிறகு உடம்பை அசைப்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு, பிசியோதெரபிஸ்ட்டின் பதில்கள்.

வாசலில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு 3 வாரம் ஆகிறது. கழுத்தில் மாட்டிய துணித் தூளியை விட்டுக் கையை எடுப்பதே இல்லை. விரல் வீங்கி மடங்க மாட்டேன் என்கிறது, தோளும் வலிக்கிறது. (வயது 58)

அம்மா, எலும்புக்குத்தான் ஓய்வு வேண்டும். விரல், முழங்கை, தோள் மூன்றும் அதோடு சேர்ந்து சும்மா இருப்பதால் வந்த வினை இது. விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை கட்டைவிரலால் மற்ற நான்கு விரல் நுனிகளையும் தொடுங்கள். பிறகு முஷ்டி பிடித்து நன்றாக விரியுங்கள். பத்து முறை போதும். ஒரு நாளில் நாலைந்து தடவை தூளியைக் கழற்றி, முழங்கையை மடக்கி நீட்டி, கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். உட்காரும்போது கை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி தலையணை வையுங்கள், வீக்கம் வடியும்.

கீரை ஆயலாம், பூண்டு உரிக்கலாம். குக்கர் தூக்குவதும் துணி பிழிவதும் இப்போது வேண்டாம். விரல் மரத்துப்போனாலோ, நீலம் பாய்ந்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். இரவானாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்கள் வயதில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். 6 வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது எலும்பு அழகாகக் கூடியிருந்தது. ஆனால் கை சூம்பி, தோல் செதில் செதிலாய் உரிந்து, விரல்கள் குச்சியாக நின்றன. சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்ட அவருக்கு மூன்று மாதம் பிடித்தது. அந்த 6 வாரமும் விரலை அசைக்கச் சொல்லி யாரும் வற்புறுத்தவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அம்மாவுக்கு வயது 76. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி 5 நாள். வலிக்கிறது என்கிறார். நடக்க வைக்கப் பயமாக இருக்கிறது.

படுக்க வைத்திருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். நெஞ்சில் சளி கட்டுவது, கெண்டைக்காலில் ரத்தம் உறைவது, முதுகில் படுக்கைப்புண் எல்லாம் படுக்கையில்தான் வருகின்றன. பெரும்பாலானவர்களை ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிற்க வைக்கிறோம். அந்தக் காலில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று சர்ஜனிடம் இன்றே கேளுங்கள். அனுமதி கிடைத்ததும், வலி மாத்திரை கொடுத்து அரை மணி கழித்து வாக்கர் பிடித்துக் கட்டிலிலிருந்து கதவுவரை நடக்கட்டும். சாப்பாடு நாற்காலியில் உட்கார்ந்துதான். செயற்கை மூட்டு வைத்திருந்தால் சம்மணம், குந்தி உட்காருதல், தாழ்வான மணை எதுவும் சர்ஜன் சொல்லும்வரை கூடாது. கழிப்பறைக்கு உயரமான கமோடு நாற்காலி வாங்கிவிடுங்கள். படுத்திருக்கும்போதும் பாதத்தை மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள்.

கணுக்கால் முறிவு. காலை ஊன்றக் கூடாதாம். அக்குளில் வைக்கும் ஊன்றுகட்டையோடு கல்லூரிக்குப் போகிறேன், அக்குள் வலி தாங்கவில்லை. மாடிப்படியும் பயமாக இருக்கிறது.

பாரத்தை அக்குளில் போடுகிறீர்கள், தம்பி. கைப்பிடியில் போடுங்கள். கட்டைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அக்குள் நரம்பு அழுந்தினால் கை மரத்துவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், கட்டை பின்னால். இறங்கும்போது கட்டை முதலில். ஆரம்பத்தில் பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

தினமும் ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்பு சீக்கிரம் கூடுமா?

பிடித்தால் குடியுங்கள், ஆனால் அதில் கால்சியம் குறைவு. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. முட்டை, பருப்பு, பால், மீன் சேருங்கள். சிகரெட்டை நிறுத்துங்கள், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

9 வயது மகனுக்கு முழங்கை முறிவு. கட்டு பிரித்து 10 நாளாகியும் கை முழுதாக நீளவில்லை. தாத்தா எண்ணெய் போட்டு உருவி, இழுத்து நீட்டுகிறார். பையன் அழுகிறான்.

இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். தாத்தாவின் பாசம் புரிகிறது. ஆனால் முறிந்த முழங்கையை முரட்டுத்தனமாக உருவினால், சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளலாம். அப்படிப் பூட்டிய கைகளை நான் பார்த்திருக்கிறேன், திறப்பது பெரும்பாடு. பிள்ளைகளுக்கு முழங்கை பெரும்பாலும் தானாகவே மெல்ல மெல்ல நீளும். வெந்நீரில் குளித்த பிறகு அவனே மடக்கி நீட்டட்டும். பம்பரம், கேரம், தலைவாருவது எல்லாம் நல்ல பயிற்சி. மரம் ஏறுவதும் சைக்கிளும் டாக்டர் சரி என்ற பிறகுதான். விரல் மரத்தாலோ, வாரக் கணக்கில் துளியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ எலும்பு டாக்டரிடம் மறுபடி காட்டுங்கள்.