எம்.பி. நிதி: கேளுங்கள், சொல்கிறேன்

இருபது வருஷத்துக்கு மேல் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதிக் கோப்புகளைப் பார்த்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், எங்கள் ஊருக்கு நூலகக் கட்டடம் தருவதாக எம்.பி. கடிதமே கொடுத்துவிட்டார். ஒன்றரை வருஷமாகியும் ஒரு செங்கல்கூட வரவில்லை. ஏன்?

அந்தக் கடிதம் பரிந்துரைதான், அனுமதி அல்ல. கடிதம் கலெக்டர் ஆபீசுக்குப் போக வேண்டும். எஞ்சினியர் வந்து இடம் பார்த்து எஸ்டிமேட் போட வேண்டும். அப்புறம்தான் நிர்வாக அனுமதி. விதிப்படி செய்ய முடியாத வேலை என்றால் 45 நாளுக்குள் காரணத்தோடு எம்.பி.க்குத் தெரிவிக்க வேண்டும். அந்தப் பதில் வந்ததா என்று எம்.பி. ஆபீசில் கேளுங்கள்.

பெரும்பாலும் இடத்தில்தான் இடிக்கும். ஒரு ஊரில் இதே மாதிரி நூலகம். எல்லாரும் காட்டிய இடம் வெறும் மேட்டு நிலம், ஓரத்தில் ஒரு வேப்பமரம். கிராம நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டைப் புரட்டினால் ‘ஓடை புறம்போக்கு’, அதாவது ஓடைக்கென்று ஒதுக்கிய அரசு நிலம். நாற்பது வருஷமாகத் தண்ணீரே வரவில்லை என்று பெரியவர்கள் கண்கலங்கினார்கள். ஓடையில் எப்படிக் கட்டுவது? வேறு இடம் தேடுவதற்குள் தேர்தல் வந்துவிட்டது. கடிதம் வாங்கப் போகும் முன் வி.ஏ.ஓ.விடம் சர்வே நம்பரைப் பாருங்கள்.

வருஷம் 5 கோடி எம்.பி. கணக்கில் விழுகிறதே, கணக்குக் கேட்க முடியாதா?

அவர் கணக்கில் ஒரு பைசா விழாது. செலவு கலெக்டர் வழியாகத்தான். ஆர்.டி.ஐ. போட்டுக் கேளுங்கள்.

கோயில் மண்டபம் கட்ட?

வழிபாட்டு இடங்களுக்குக் கிடையாது.

மாநிலங்களவை எம்.பி. எங்கள் ஊருக்குத் தரலாமா?

தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத்துக்குள் எங்கும் தரலாம்.

இந்தத் திட்டத்தையே ஒழித்தால் என்ன? சட்டம் இயற்றுகிறவருக்குப் பஸ் நிழற்குடை கட்டும் வேலை எதற்கு?

நியாயமான கேள்வி. 1993 டிசம்பரில், நரசிம்ம ராவ் காலத்தில் வந்த திட்டம். இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் ஒழிக்கத்தான் சொன்னது. 2010-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு செல்லும் என்றது. கொரோனாவில் நிறுத்தி, 2021 நவம்பரில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

அப்படியானால் நீங்கள் ஆதரவா?

ஒழிக்க வேண்டாம் என்பேன். ஆனால் வேலையைக் கிராம சபை தேர்ந்தெடுக்கட்டும். என்னை உறுத்துவது வேறு: ஆண்டு ஒதுக்கீட்டில் 15% பட்டியலினத்தவர் வாழும் பகுதிக்கும் 7.5% பழங்குடியினர் பகுதிக்கும் போக வேண்டும். காலனிக்கென்று போட்ட ஒரு சாலை, காலனிக்கு இருநூறு அடி முன்னாலேயே நின்றதை நான் நடந்தே பார்த்தேன். அதற்கப்பால் சேறு. கோப்பில் ‘பணி முடிந்தது’. ஒழிப்பதா வேண்டாமா என்று சண்டை போடுகிறவர்களே, முதலில் உங்கள் ஊர்ச் சாலை எங்கே முடிகிறதென்று நடந்து பாருங்கள்.

எம்.பி. பணத்தை எப்போது தருவார்?

மேலே சொல்லிவிட்டேன். பணம் அவரிடம் இல்லை. கடிதம் அனுமதி அல்ல.

எங்கள் முக்கில் ஹைமாஸ்ட் விளக்கு கேட்கலாமா, ஐயா?

கேளுங்கள். கரண்ட் பில்லை ஊராட்சி கட்டும் என்று முதலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.