ஒரு நாடு தன் விழுமியங்களைப் பிற பண்பாட்டு மக்களிடம் கொண்டுபோய்ப் பரப்ப வேண்டுமா?

கேள்வியைப் படித்தால் நீங்கள் போட்டித் தேர்வுக் கட்டுரைக்கோ கல்லூரிப் பட்டிமன்றத்துக்கோ தயாராகிறீர்கள் என்று தோன்றுகிறது. "பரப்ப வேண்டுமா, அல்லது அவரவர் வழக்கத்தை அவரவரிடமே விட்டுவிட வேண்டுமா" என்று இரண்டு கட்சியாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு முன் பதில் எழுதியவர்களில் பலர் "அவரவர் பண்பாடு அவரவருக்கு, வெளியாள் தலையிடக் கூடாது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அதைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

என் தாத்தா திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் பண்ணையாளாக இருந்தவர். சட்டை போடாமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முதுகில் கோணலாக இரண்டு தழும்பு இருக்கும், சின்ன வயதில் அதை விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன். வயலுக்குத் தாமதமாக வந்தால் சவுக்கடி, எதிர்த்துப் பேசினால் சாணியைக் கரைத்து வாயில் ஊற்றுவது. 1940கள் வரை கீழத்தஞ்சையில் இது நடந்தது. இதையும் அன்றைய மிராசுதார்கள், அதாவது நிலத்துக்குச் சொந்தக்காரர்கள், ஊர் வழக்கம் என்றுதான் சொன்னார்கள்.

அந்த வழக்கத்தை எதிர்த்து விவசாயிகள் சங்கங்களில் ஆட்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ். அவர் கன்னடம் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். கொண்டுவந்த கம்யூனிசக் கொள்கை ஐரோப்பாவில் பிறந்தது. மொழியும் வேறு, சாதியும் வேறு, எங்கள் ஊருக்கு எல்லா வகையிலும் வெளியாள். ஆனால் சேரிகளில் தங்கினார், எங்கள் ஆட்கள் குடித்த கஞ்சியைக் குடித்தார், தமிழில் பேசினார், தலைமறைவாக அலைந்தார், சிறைக்கும் போனார். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது என்றால், அதற்குப் பின்னால் அந்தச் சங்கங்களின் போராட்டம் இருக்கிறது. 1961இல் அவர் இறந்தார். திருத்துறைப்பூண்டியில் நினைவிடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் அவர் படமும் மாட்டியிருக்கும்.

உடனே என்னைக் கட்சிக்காரி என்று முத்திரை குத்த வேண்டாம். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. ஒரு வழக்கத்தால் சுகப்படுகிறவர் அதைப் பண்பாடு என்பார். அடி வாங்குகிறவரிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. கூலி உயர்வு கேட்டதற்காக 1968 டிசம்பர் 25 அன்று கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேரை மிராசுதார்களின் ஆட்கள் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள், அதில் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எல்லாம் உள்ளுக்குள்ளேயே காலப்போக்கில் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் ஒருமுறை அந்த ஊருக்குப் போய்விட்டு வந்து பேசட்டும்.

அப்படியானால் பரப்பலாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். அதற்கு எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நான் தரங்கம்பாடிக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடைப்பட்ட ஒரு மீனவ ஊரில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம். அப்போதுதான் ஆங்கில இலக்கியம் படித்து முடித்திருந்தேன். வேறு நாட்டு அரசுகளின் உதவி வேண்டாம், நாமே சமாளித்துக்கொள்வோம் என்று இந்திய அரசு சொல்லியிருந்தது. ஆனால் தொண்டு நிறுவனங்கள் நிறைய வந்தன. நான் போனது அப்படி வந்த ஒரு வெளிநாட்டுக் குழுவோடு. அதன் தலைவி நல்ல மனுஷி, இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். ராத்திரி பகல் பாராமல் உழைத்தார்.

நிவாரணப் பட்டியலை ஊர்ப் பஞ்சாயத்தார்தான் எழுதுவார்கள். நீள நோட்டில் தலைக்கட்டு வாரியாகப் பெயர் இருக்கும். ஊருக்கு வரி கட்டுகிற ஆண் உள்ள வீட்டுக்கு முழுப் பங்கு. கருவாடு விற்கிற ஓர் அம்மா இருந்தார். கணவர் பல வருஷங்களுக்கு முன்பே கடலில் போனவர், மகன் கிடையாது. அலையில் வீடு, அன்னக்கூடை, காயப்போட்டிருந்த சரக்கு எல்லாம் போய்விட்டது. வரி கட்டும் ஆள் இல்லாத வீடு என்பதால் நோட்டில் அவர் பெயர் இல்லை. அவரைப் போல இன்னும் சில பெண்கள் இருந்தார்கள்.

தலைவிக்கு இது தெரிந்ததும் பஞ்சாயத்தாரைக் கூப்பிட்டார். லாரி வந்து நிற்கிறது. அடுப்பு, பாத்திரம், பாய், போர்வை எல்லாம் அதில் இருக்கிறது. இந்தப் பெண்களைச் சேர்த்தால்தான் இறக்குவோம், எங்கள் நாட்டில் ஆணும் பெண்ணும் சமம், எங்கள் மக்கள் கொடுத்த பணம் அந்தக் கொள்கைப்படிதான் செலவாகும் என்றார். நான் தமிழில் சொன்னேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார். "பாப்பா, நாங்க பொணத்தை எடுத்துப் பொதச்ச கை இன்னும் கழுவல. இந்த நேரத்துல ஊர் முறையை மாத்துன்னா எப்படிம்மா? குடுக்குறதா இருந்தா குடுங்க, இல்லேன்னா வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்றார். இருபக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. லாரி திரும்பிப் போய்விட்டது.

பழி முழுக்க அந்தக் கருவாட்டுக்கார அம்மாவின் தலையில் விழுந்தது. "ஒன்னாலதான் வண்டி திரும்பிப் போச்சு" என்று அக்கம்பக்கத்துப் பெண்களே பேசினார்கள். அவர் தெருக் குழாயடிக்கு வருவதைக்கூட நிறுத்திவிட்டார். தலைவி தன் அறிக்கையில் அந்த ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதினார், அடுத்த ஊருக்குப் போனார், சில மாதத்தில் விமானம் ஏறினார். கொள்கை சரிதான், நான் அதில் முழுக்க அவர் பக்கம். ஆனால் அந்தக் கொள்கைக்கு விலை கொடுத்தது அவர் இல்லை.

மீனவர்களைக் குறை சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே பஞ்சாயத்துதான் சடலங்களைத் தேடி எடுத்தது, எல்லோருக்கும் ஒரே இடத்தில் சமைத்துப் போட்டது, வந்த பொருளைத் தள்ளுமுள்ளு இல்லாமல் பிரித்துக் கொடுத்தது. அது இல்லாவிட்டால் அந்த ஊர் இன்னும் மோசமாகியிருக்கும்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர் மகளிர் குழுவில் இருந்த மீன்காரப் பெண்கள் சிலர் வந்து பஞ்சாயத்தாரிடம் உட்கார்ந்து பேசினார்கள். அவர்களும் அதே சாதி, ஒருவகையில் உறவு, அவர்களை வண்டி ஏற்றி அனுப்ப முடியாது. "எங்க ஊர்ல சேத்துட்டோம் மாமா, ஒங்களுக்கு என்ன கொறஞ்சுபோச்சு?" என்று ஒரு பெண் கேட்டது நினைவிருக்கிறது. முதலில் அரைப் பங்கு என்றார்கள். பிறகு பெயர் நோட்டில் ஏறியது. 2005இல் தமிழ்நாடு அரசு, சுனாமி வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிய வேண்டும் என்றது. கடற்கரை ஊர்களுக்கு அதுவும் வெளியிலிருந்து வந்த கொள்கைதான். ஆனால் பண்பாடு போச்சு என்று அந்த ஊரில் யாரும் கொதிக்கவில்லை. ஏனென்றால் பிடிக்காவிட்டால் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், மறியல் செய்யலாம், அடுத்த தேர்தலில் ஓட்டை மாற்றிப் போடலாம். விமானம் ஏறிப் போன குழுவிடம் எங்கே போய் மனு கொடுப்பது?

என் பதில் இதுதான். கொள்கை எந்த நாட்டில் பிறந்தது என்பது எனக்குப் பெரிதில்லை. கொண்டு வருகிறவரிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியுமா, அதனால் அடி விழுந்தால் அவரும் வாங்குவாரா என்று பார்க்கிறேன். சீனிவாச ராவ் வாங்கினார். ஒரு நாடு என்று வரும்போது அது பெரும்பாலும் கையில் அரிசி மூட்டையோடோ துப்பாக்கியோடோ வருகிறது. எதிரில் இருப்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாத நேரத்தில் கொள்கை பேசுவது தப்பு.

நான் இப்போது இருப்பது பொறையாரில், தரங்கம்பாடி கூப்பிடு தூரம். இந்தக் கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டினார்கள். 1706இல் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி சீகன்பால்க் என்ற கிறிஸ்தவ மதபோதகர் வந்து இறங்கினார். அவர் ஜெர்மானியர். ஒரே நாட்டின் பெயரில் வந்தாலும் கோட்டைத் தளபதிக்கும் இவருக்கும் ஆகவில்லை. ஒரு தமிழ் விதவையின் கடன் வழக்கில் பரிந்து பேசப்போய் முற்றிய தகராறில், 1708இல் தளபதி இவரைப் பிடித்து நாலு மாதம் உள்ளே வைத்தார். அப்படியானால் டென்மார்க்கின் விழுமியம் என்பது அரசருடையதா, தளபதியுடையதா, சிறையில் இருந்தவருடையதா?

அவர் தமிழ் படித்தார், பள்ளிக்கூடம் வைத்தார், 1713இல் தமிழ் அச்சுக்கூடம் தொடங்கினார். நம் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூல் எழுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்கு அனுப்பினார். அவரை அனுப்பி வைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, அச்சேறியது 1867இல்தான். 1719இல் இங்கேயே இறந்தார். ஊர் மக்கள் அவர் மதத்தில் சிலர் சேர்ந்தார்கள், பலர் சேரவில்லை. பள்ளிக்கூடத்தையும் அச்சையும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கோட்டையை டேனிஷ்காரர்கள் 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். மதமாற்றத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாராவது எழுதுவீர்கள், தெரியும். நாங்கள் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம்.

     

இன்னொன்று. "நாம் யார் மீதும் எதையும் திணித்ததில்லை" என்று பெருமையாக எழுதியவர்களுக்கு. நாகப்பட்டினத்தில், இன்றைய இந்தோனேசியப் பகுதியில் இருந்த ஸ்ரீவிஜயத்தின் அரசர் கட்டிய சூடாமணி பௌத்த விகாரத்துக்கு, சைவரான ராஜராஜ சோழர் ஆனைமங்கலம் என்ற ஊரை இறையிலியாக, அதாவது வரியில்லாமல், கொடுத்தார். அது பெருமைதான், மறுக்கவில்லை. அவர் மகன் ராஜேந்திரன் 1025 வாக்கில் அதே ஸ்ரீவிஜயத்தின் மீது கப்பற்படை அனுப்பிக் கடாரத்தை (இன்றைய மலேசியாவின் கெடா) கொள்ளையடித்தார். தஞ்சைப் பெரிய கோயில் சுவரிலேயே அது, அரசரின் வெற்றிகளைப் புகழும் மெய்க்கீர்த்தியாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விழுங்கக் கூடாது. யோகா தினத்தை 2014இல் ஐ.நா.வில் இந்தியா முன்மொழிந்தபோது 177 நாடுகள் சேர்ந்து ஆதரித்தன. யோகா செய்தால்தான் அரிசி என்று யாரும் சொல்லவில்லை, வேண்டியவர்கள் செய்கிறார்கள். ஒரு நாடு பரப்புவதென்றால் அந்த அளவோடு எனக்குச் சம்மதம்.

தேர்வுக்கு எழுதுகிறவர் என்றால் ஐரோப்பாவை மட்டும் எழுதாமல் சீனிவாச ராவையும் சேர்த்து எழுதுங்கள், திருத்துபவருக்குப் புதிதாக இருக்கும். கடற்கரை ஊர்க்காரர்கள் யாராவது இதைப் படித்தால், தனியாக வாழும் பெண்களை உங்கள் ஊரில் இப்போது தலைக்கட்டில் சேர்க்கிறார்களா என்று எழுதுங்கள். நான் வேலை பார்த்த ஊரில் சேர்க்கிறார்கள். எல்லா ஊரிலும் இல்லை என்று கேள்விப்படுகிறேன்.