நமுத்துப் போன பழ பீட்சா

கேள்வி: மகளின் பிறந்த நாளுக்குப் பழ பீட்சா செய்தேன். பிஸ்கட் மாவில் சுட்ட தட்டின் மேல் தயிர் கிரீம் தடவி, அன்னாசி, கிவி, மாதுளை, தர்ப்பூசணித் துண்டுகளை அடுக்கி, காலையிலேயே ஃபிரிட்ஜில் வைத்துவிட்டேன். மாலையில் எடுத்தபோது அடித்தட்டு நமுத்துக் கிடந்தது. கிரீம் நீர்த்து, லேசாகக் கசக்கவும் செய்தது. எங்கே தவறினேன்?
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் கைப்பக்குவத்தில் குறையில்லை, பழத் தேர்விலும் நேரக் கணக்கிலும்தான் சறுக்கியிருக்கிறீர்கள். முதலில் கசப்பைப் பார்ப்போம். வேகவைக்காத அன்னாசியில் புரோமிலைன் என்ற நொதியும் கிவியில் ஆக்டினிடின் என்ற நொதியும் உள்ளன. இவை பால் புரதத்தைச் சிதைப்பவை என்பதால், தயிரோடும் கிரீமோடும் சில மணி நேரம் ஒட்டிக்கொண்டிருந்தால் கிரீம் இளகுவதோடு கசப்பும் ஏறிவிடும். அன்னாசித் துண்டுகளை ஒரு தேக்கரண்டி சர்க்கரையுடன் ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியபின் நீரை ஒட்ட வடித்துச் சேர்த்தால் இந்தத் தொல்லை இராது. கிவியை வேகவைத்தால் அதன் பச்சை நிறம் மங்கிவிடும். ஆகவே அதைப் பரிமாறும் வேளையில் மட்டும் வையுங்கள். தர்ப்பூசணியை அறவே விட்டுவிடலாம், அது நீரைச் சுமந்து வரும் பழம். மாதுளை முத்துகள், விதையில்லாத திராட்சை, கெட்டியான மாம்பழம், ஸ்ட்ராபெர்ரி ஆகியவை நன்கு பொருந்தும். எதைச் சேர்த்தாலும் துணியில் ஒற்றி ஈரம் போக்கிய பிறகே அடுக்க வேண்டும். கிரீமில் உள்ள சர்க்கரை பழச்சாற்றை வெளியே இழுக்கும் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்தது அடித்தட்டு. 25 செ.மீ. அகலத் தட்டுக்கு 200 கிராம் மைதா, 115 கிராம் வெண்ணெய், 90 கிராம் பொடித்த சர்க்கரை, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், பிசைவதற்கு ஓரிரு மேசைக்கரண்டி பால் போதும், முட்டை தேவையில்லை. வெண்ணெய் உருகியதாக இல்லாமல், விரல் பதியும் அளவு இளகியிருக்க வேண்டும். 175 டிகிரி செல்சியஸில் 15 முதல் 18 நிமிடம் சுட்டால் ஓரம் பொன்னிறமாகும். நடுவில் மென்மையாகத் தெரிந்தாலும் ஆறும்போது இறுகிவிடும். அது முழுவதும் ஆறும் முன்பே கிரீம் தடவுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஆறிய தட்டின் மேல் உருக்கிய வெள்ளைச் சாக்லேட்டை மெல்லிய பூச்சாகத் தடவி உறையவிட்டால், அந்தக் கொழுப்புப் படலம் ஈரத்தைக் கீழே இறங்கவிடாது. கிரீமுக்கு, அரை கிலோ கொழுப்பு நீக்காத தயிரைத் துணியில் கட்டி இரவு முழுவதும் ஃபிரிட்ஜுக்குள்ளேயே நீர் வடியவிடுங்கள்; ஏறக்குறைய பாதியாகச் சுண்டிய கெட்டித் தயிரில் மூன்று மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரை கலந்தால் கிரீம் சீஸ் இல்லாத குறையே தெரியாது. அடித்தட்டையும் கிரீமையும் முந்தைய நாளே தயாரித்து வைக்கலாம், ஆனால் இரண்டையும் சேர்ப்பது விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகத்தான் இருக்க வேண்டும்.

கேள்வி: ஓவன் இல்லை. கடையில் விற்கும் பீட்சா பேஸில் இதைச் செய்யலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: செய்யலாம், ஆனால் எனக்கு அதில் விருப்பமில்லை, ஈஸ்ட் சேர்த்த அந்த ரொட்டி காரத்துக்கும் சீஸுக்கும் உரியது, பழத்தோடு சேரும்போது பன்னில் பழம் வைத்துத் தின்பது போலிருக்கும். அதற்குப் பதிலாக, பிஸ்கட் தட்டையே கடாயில் சுடலாம். அடிகனமான பெரிய இரும்பு அல்லது அலுமினியக் கடாயில் ஒரு கப் உப்பைப் பரப்பி, அதன் மேல் தாங்கி வைத்து, மூடி, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். மேலே சொன்ன மாவை 15 செ.மீ. அகலத்தில் சிறு தட்டுகளாகத் தட்டி, ஒவ்வொன்றாகச் சிறு தீயில் 20 முதல் 25 நிமிடம் வேகவிடுங்கள். நான்-ஸ்டிக் பாத்திரத்தை இப்படி வெறுமனே காய்ச்சக் கூடாது. கடாயில் மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது. கிரீம் அதை மறைத்துவிடும் என்பதால் கவலைப்படாமல், அடிப்புறம் சிவந்ததும் இறக்கி, சூடு சற்றுத் தணிந்தவுடன் துண்டுகளாகக் கீறி வையுங்கள், ஏனெனில் முழுவதும் ஆறிய பின் வெட்டினால் நொறுங்கும்.