வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லையா? பூஸ்டர் வாங்கும் முன்: கேள்வி பதில்

வீடு, கடை, குடோனுக்குள் மொபைல் சிக்னல் கிடைக்காதது பற்றி மதுரையிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் சேர்த்துவிட்டேன்.

வில்லாபுரம்: அண்ணே, எங்களுது கீழ்வீடு. மூணு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஹாலுக்குள்ள போன் எடுத்தா கட் ஆகுது, பேசணும்னா வாசலுக்கு ஓடணும். ஆன்லைன்ல ஏரியல், பெட்டி, கேபிள் எல்லாம் சேர்த்து பூஸ்டர்னு விக்கிறாங்க. வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம் தம்பி. முதல் காரணம் சட்டம். பூஸ்டர் போல மொபைல் அலைவரிசையில் ஒலிபரப்பும் ரிப்பீட்டரை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் தந்திச் சட்டப்படி குற்றம். 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டமும் ரேடியோ கருவி வைத்திருக்க அனுமதி வேண்டும் என்கிறது. தனியார் பூஸ்டர் விற்பதும் வாங்குவதும் பொருத்துவதும் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022-இல் வெளிப்படையாகவே எச்சரித்தது. கடையில் கிடைக்கிறது என்பதால் அது அனுமதி பெற்ற பொருள் ஆகிவிடாது.

இரண்டாவது காரணம், அது சரியாக வேலை செய்யாது. பூஸ்டர் மொட்டை மாடி ஆன்டெனாவில் சிக்னலை வாங்கி, பெருக்கி, ஹாலில் இருக்கும் ஆன்டெனாவில் விடுகிறது. ஹாலில் விட்டது மறுபடி மாடி ஆன்டெனாவுக்கே போய்ச் சேர்ந்தால், திருவிழாவில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே கொண்டுபோனால் கூவுகிறதே, அதுதான் நடக்கும். இதைத் தவிர்க்க இரண்டு ஆன்டெனாவுக்கும் நடுவே உள்ள தடுப்பு, பெட்டியின் பெருக்கத்தைவிட 15 டெசிபலாவது (டெசிபல் என்பது சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு) கூடுதலாக இருக்க வேண்டும். 70 டெசிபல் பெட்டி என்றால் 85 டெசிபல் தடுப்பு. 900 மெகாஹெர்ட்ஸில் திறந்தவெளியில் 10 மீட்டர் இடைவெளி கொடுப்பது ஏறத்தாழ 51 டெசிபல்தான். ஒரு தளம் கான்கிரீட்டைச் சேர்த்தாலும் சாதாரண வீட்டில் மீதியைத் தேற்றுவது கடினம். மலிவுப் பெட்டிகளில் தானாகப் பெருக்கத்தைக் குறைக்கும் வசதியும் ஒழுங்காக இருப்பதில்லை. உங்கள் வீட்டில் கூவும் பெட்டி தெருவில் எல்லோர் போனையும் கெடுக்கும்.

இன்னொன்று: ஜியோவும் ஏர்டெல்லும் பயன்படுத்தும் 2300 மெகாஹெர்ட்ஸிலும், 3500 மெகாஹெர்ட்ஸ் 5ஜி-யிலும் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே அலைவரிசையில் மாறி மாறி நடக்கின்றன. விலை குறைந்த பூஸ்டருக்கு அந்த நேரக்கணக்கு தெரியாது. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் கீழே தெற்கு மாசி வீதிக்காரருக்கு எழுதியதைப் பாருங்கள்.

எஸ்.எஸ். காலனி: சார், எதிர் வீட்டு மாடியில மீன்முள்ளு ஏரியல் ஒண்ணு வந்ததுல இருந்து எங்க போன்ல பாயிண்ட் ஃபுல்லா காட்டுது, ஆனா கால் நிக்க மாட்டேங்குது. நாங்க பேசறது அந்தப் பக்கம் கேக்கறதே இல்லை.

பதில்: பூஸ்டர் தொல்லைக்கு இதுதான் அடையாளம். டவரிலிருந்து வருவது நன்றாக இருக்கிறது, போனிலிருந்து டவருக்குப் போவது சத்தத்தில் மூழ்குகிறது. உங்கள் போன் எவ்வளவு சக்தியில் அனுப்ப வேண்டும் என்பதை டவர் நொடிக்கு நொடி சொல்லிக்கொண்டே இருக்கும். பூஸ்டர் அந்தப் பேச்சைக் கேட்பதில்லை. யாரும் பேசாத நேரத்திலும் இரைச்சலைப் பெருக்கி டவரை நோக்கி அனுப்பிக்கொண்டிருக்கும்.

எதிர்வீட்டாரிடம் சண்டை வேண்டாம், பத்து நிமிடம் அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடம் கால் அறாமல் இருந்தால், பூஸ்டர்தான் காரணம் என்பதில் சந்தேகமே இல்லை. அவர் மறுத்தால் எத்தனை மணிக்கு, எந்த அறையில், எந்த நிறுவன சிம் என்று குறித்து வைத்துக்கொண்டு 198-க்குப் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். டவரில் இரைச்சல் ஏறியிருப்பது நிறுவனத்தின் அளவீட்டிலேயே தெரியும். அவர்கள் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் கண்காணிப்புப் பிரிவுக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் பிரிவினர் கருவியோடு வந்து வீட்டைக் கண்டுபிடிப்பார்கள்.

திருநகர்: ரெண்டு பாயிண்ட் காட்டுது. இது நல்ல சிக்னலா, மோசமா?

பதில்: பாயிண்டை நம்பாதீர்கள். ஒவ்வொரு போனும் தன் இஷ்டத்துக்குக் காட்டும். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் பலம் டிபிஎம் கணக்கில் இருக்கும். மைனஸுக்குப் பின்னால் வரும் எண் கூடக் கூடப் பலம் குறைவு. ஐபோனில் *3001#12345#* அழுத்தினால் வரும். 4ஜி-யில் மைனஸ் 90 வரை கவலை இல்லை. மைனஸ் 100-ஐத் தாண்டினால் கால் திணறும். மைனஸ் 110-க்குக் கீழே போனால் எப்போது வேண்டுமானாலும் அறுந்துவிடும். பத்து டிபிஎம் வித்தியாசம் என்பது பத்து மடங்கு சக்தி.

மொட்டை மாடி, வாசல், ஹால் மூன்றிலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறியுங்கள். மாடியில் மைனஸ் 80, ஹாலில் மைனஸ் 112 என்றால் குற்றவாளி கட்டடம். மாடியிலேயே மைனஸ் 112 என்றால் டவர்தான் தூரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மாடியில் எந்த நிறுவனம் நன்றாகக் கிடைக்கிறது என்பதையும் பக்கத்து வீட்டார் சிம்மை வைத்து அளந்துவிடுங்கள். பாதிப் பேருக்கு நம்பரை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றினாலே பிரச்சினை முடிந்துவிடும். அதற்கு PORT என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும்.

தெற்கு மாசி வீதி: பழைய வீடு, சுவர் ஒன்றரை அடிக்கு மேல. முற்றத்துல மட்டும் டவர் கிடைக்கும். ஃபைபர் நெட் இருக்கு. வைஃபை காலிங் போட்டேன், சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் இல்லை.

பதில்: டவர் இல்லாமல் வீட்டு வைஃபை வழியாகவே போன் பேசுவதுதான் வைஃபை காலிங். இப்படிப்பட்ட வீட்டுக்குச் சரியான வழியே இதுதான். பாதி வேலை முடிந்துவிட்டது. மீதியைப் பார்ப்போம்.

முதலில் போனின் மேலே வைஃபை காலிங் அடையாளம் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் சிம் செட்டிங்ஸில் ஒவ்வொரு சிம்முக்கும் தனித்தனியாக ஆன் செய்ய வேண்டும். இரண்டு சிம் போனில் ஒன்றை மட்டும் ஆன் செய்துவிட்டு மற்றதில் கால் வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறையப் பேர். அதே இடத்தில் 'வைஃபை-க்கு முன்னுரிமை' என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஒரு இழை மொபைல் சிக்னல் கிடைத்தாலும் போன் அதையே பிடித்துத் தொங்கும்.

அடுத்து ரவுட்டர். வைஃபை காலிங், நிறுவனத்தின் சர்வர் வரை ஒரு பூட்டிய குழாய் போடுகிறது. அதற்கு யூடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டும் திறந்திருக்க வேண்டும். ரவுட்டரின் ஃபயர்வாலை 'ஹை' என்று வைத்திருந்தால் இவை அடைபடும், 'மீடியம்' போதும். அந்தக் குழாயைத் தடுக்காமல் விடும் ஐபிசெக் பாஸ்த்ரூ வசதி ஆன் ஆக இருக்கட்டும். போனில் விபிஎன் ஆப் இருந்தால் அணைத்துவிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, வைஃபையே அந்தச் சுவரைத் தாண்டாமல் இருக்கலாம். ஒன்றரை அடிச் சுவர் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அநேகமாகச் செத்துவிடும். பேசுவதற்கு வேகம் தேவையில்லை, ஒரு காலுக்கு நொடிக்கு 100 கிலோபிட் தாராளம். அதனால் போனை 2.4 கிகாஹெர்ட்ஸில் இணையுங்கள். அதுவும் எட்டாத அறைக்கு ரவுட்டரிலிருந்து கேட்-6 என்ற நெட்வொர்க் வயர் இழுத்து, அந்த அறைக்கே வைஃபை தரும் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் பெட்டி வையுங்கள். வயர் இல்லாத வைஃபை எக்ஸ்டெண்டர் அந்தச் சுவரில் வீண் செலவு.

பேசிக்கொண்டே தெருவுக்கு வந்தால் கால் தானாக 4ஜி-க்கு மாறும். நடைவாசலில் வைஃபையும் இல்லாமல் டவரும் இல்லாமல் ஓர் இடம் இருந்தால் அங்கேதான் அறும். ஆக்சஸ் பாயிண்டை அந்தப் பக்கமாக நகர்த்தினால் சரியாகும்.

கப்பலூர்: தகர ஷீட் போட்ட குடோன். உள்ளே எந்த சிம்மும் எடுக்கலை. ஆபீஸ் ரூம்ல நெட் இருக்கு, குடோனுக்கு 80 மீட்டர்.

பதில்: நாலு பக்கமும் தகரம் என்றால் அலை உள்ளே வர வழியே இல்லை. ஆபீஸ் நெட்டை வயரில் குடோனுக்குக் கொண்டுபோய், அங்கே ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்து வைஃபை காலிங்கில் பேசுங்கள். ஈதர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும், உங்கள் 80 மீட்டர் அதற்குள் வருகிறது. வாங்கும்போது முழுச் செம்பு கேட்-6 என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைப் பாதி விலைக்குத் தருவார்கள். நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். அந்த வயரிலேயே ஆக்சஸ் பாயிண்டுக்கு மின்சாரமும் போகிறது. அலுமினியத்தில் 80 மீட்டருக்கு வோல்ட் இறங்கி, கருவி அணைந்து அணைந்து எரியும். வெயிலில் போகும் பகுதிக்குக் குழாய் கட்டாயம், கரண்ட் வயர் போகும் குழாயில் சேர்த்துப் போடாதீர்கள்.

நாகமலை அடிவாரம்: தம்பி, தோட்டத்து வீடு. டவர் மலைக்கு அந்தப் பக்கம். ஃபைபர் வராதுன்னுட்டாங்க. மாடியில தண்ணித் தொட்டி மேல ஏறினா மட்டும் ஒரு பாயிண்ட் வருது. எனக்கும் பூஸ்டர் ஆகாதா?

பதில்: ஆகாது ஐயா. ஆனால் அந்தத் தண்ணீர்த் தொட்டிதான் உங்களுக்குக் கைகொடுக்கப் போகிறது. சிம் போடும் வெளிப்புற 4ஜி ரவுட்டர் என்று கிடைக்கும், மழை வெயில் தாங்கும் பெட்டி. அது உங்கள் போனைப் போலவே டவர் சொல்படி நடக்கும் கருவி, அதனால் பூஸ்டருக்கு உள்ள சட்டச் சிக்கல் இதற்கு இல்லை. அதைத் தொட்டிமேல் கம்பத்தில் கட்டி, கேட்-6 வயரைக் கீழே இறக்கி, வீட்டுக்குள் வைஃபை ரவுட்டர் வைத்து, வைஃபை காலிங்கில் பேசலாம்.

கவனிக்க வேண்டியது, பெட்டி மேலேயே இருக்க வேண்டும். ரவுட்டரை ஹாலில் வைத்துக்கொண்டு ஆன்டெனா வயரை மட்டும் மேலே கொண்டுபோகிறவர்கள் வாங்கிய சிக்னலை வயரிலேயே தொலைக்கிறார்கள். ஆர்ஜி-58 என்ற மெல்லிய வயரில் 1800 மெகாஹெர்ட்ஸில் 10 மீட்டருக்கு 7 டெசிபல் போய்விடும், அதாவது ஐந்தில் நாலு பங்கு. தடித்த எல்எம்ஆர்-400 வயரில் 2 டெசிபல்தான், ஆனால் விலை அதிகம், வளைக்கவும் சிரமம். டிஷ் டிவி வயர் 75 ஓம், இந்தக் கருவிகள் 50 ஓம், பொருந்தாது. ஈதர்நெட் வயரில் இந்த இழப்பு எதுவும் இல்லை.

திசை வைப்பது பொறுமையான வேலை. டவர் இருக்கும் இடத்தைத் தரங் சஞ்சார் இணையதளத்தில் பார்த்து அந்தப் பக்கம் திருப்புங்கள். ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் ஆர்எஸ்ஆர்பி (சிக்னலின் பலம்), எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு தெளிவு) என்று இரண்டு எண் வரும். பதினைந்து டிகிரி திருப்பி, ஒரு நிமிடம் காத்திருந்து, இரண்டையும் எழுதுங்கள். முதல் எண்ணைவிட இரண்டாவது முக்கியம். ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 105 ஆக இருந்தாலும் எஸ்ஐஎன்ஆர் 10-க்கு மேல் இருந்தால் நெட் ஓடும். மைனஸ் 85 இருந்து எஸ்ஐஎன்ஆர் பூஜ்யம் என்றால் ஓடாது. மலை மறைக்கும் இடத்தில் டவர் இருக்கும் நேர்த்திசையைவிட, மலையின் விளிம்பையோ எதிர்ப்பக்கப் பாறையையோ பார்த்துத் திருப்பும்போது எண் கூடுவதுண்டு. அதனால் முழுச் சுற்றும் சுற்றிப் பார்த்துவிடுங்கள்.

அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதி ரவுட்டரில் இருந்தால் ஜியோ சிம்முக்கு 850 மெகாஹெர்ட்ஸை மட்டும் வைத்துப் பாருங்கள். குறைந்த அலைவரிசை மலை விளிம்பில் வளைந்து வரும், 2300 வராது.

உயரத்தில் இரும்புக் கம்பம் நட்டால் இடிக்கு வழி செய்கிறோம் என்று பொருள். கம்பத்துக்குத் தனி எர்த் கம்பி இறக்குங்கள், வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மின்னல் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வையுங்கள். சித்திரை, வைகாசிக் கோடைமழையிலும் ஐப்பசியிலும் இடி ஆரம்பிக்கும் முன்பே வயரைக் கழற்றிவிடுவது நல்லது.

அண்ணா நகர்: 5ஜி காட்டுது, ஆனா ரூமுக்குள்ள நெட் சுத்திக்கிட்டே இருக்கு.

பதில்: 3500 மெகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டிச் சிரமப்பட்டு வருகிறது, போன் அதை விடாமல் பிடித்திருக்கிறது. நெட்வொர்க் வகையில் 4ஜி தேர்ந்தெடுங்கள், பேட்டரியும் மிஞ்சும்.

ஒத்தக்கடை: அபார்ட்மெண்ட். லிப்ட்டுக்குள்ளயும் கீழ் பார்க்கிங்லயும் சுத்தமா இல்லை. சங்கத்துல பணம் போட்டு பூஸ்டர் வைக்கலாமா?

பதில்: சங்கம் வைத்தாலும் அதே சட்டம்தான். கட்டடத்துக்குள் சிக்னல் பரப்பும் அமைப்பை மொபைல் நிறுவனமே வைக்க வேண்டும். சங்கத்தின் கடிதத்தோடு எத்தனை வீடு, எந்தெந்த இடத்தில் எத்தனை டிபிஎம் என்ற பட்டியலைச் சேர்த்து எல்லா நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். கருவிக்கு இடம், கரண்ட், வயர் போக வழி தருவதாகவும் எழுதுங்கள், அவர்கள் தயங்குவது பெரும்பாலும் அதற்காகத்தான். ஒரே அமைப்பை எல்லா நிறுவனமும் பகிரும்படி கேளுங்கள். கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்புத் தரத்துக்கு நட்சத்திரம் கொடுக்கும் விதிமுறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் கொண்டுவந்திருக்கிறது. புது வீடு வாங்கப் போகிறவர்கள் பில்டரிடம் இதைக் கேட்க வேண்டும். நிறுவனம் அமைப்பை வைக்கும் வரை பார்க்கிங்கில் ஓர் ஆக்சஸ் பாயிண்ட் வைத்தால் காவலாளியாவது பேச முடியும்.

சிம்மக்கல்: போன் பின்னாடி ஒட்டுற ஆன்டெனா ஸ்டிக்கர்?

பதில்: எந்தப் பயனும் இல்லை. போனின் ஆன்டெனாவோடு அதற்கு இணைப்பே கிடையாது.

திருமங்கலம்: வைஃபை காலிங் அருமையா இருக்கு. கரண்ட் போனா மட்டும் போனும் போயிடுது.

பதில்: ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் மினி யுபிஎஸ் வையுங்கள். முதலில் அடாப்டர் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 அல்லது 1.5 ஆம்பியர். 9 வோல்ட் ரவுட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடலாம். இரண்டு பெட்டி இருந்தால் இரண்டின் ஆம்பியரையும் கூட்டி, அதற்கு மேல் தரும் யுபிஎஸ் வாங்குங்கள். யுபிஎஸ் பெட்டியில் 10,000 மில்லியாம்பியர்-மணி (mAh) என்று எழுதியிருப்பது உள்ளே உள்ள 3.7 வோல்ட் பேட்டரிக்கு, அதாவது 37 வாட்-மணி. இரண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இழப்பு போக இரண்டரை மணி நேரம் ஓடும். வெளிப்புற ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அதற்கு மின்சாரம் அனுப்பும் சின்னப் பெட்டியின் வோல்ட்டைத் தனியாகப் பாருங்கள், அது 24 அல்லது 48 வோல்ட்டாக இருக்கும், 12 வோல்ட் யுபிஎஸ்ஸில் ஓடாது.